வேப்பமரத்தடி அலுவலகம்

தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிக்குள் இணையம் பாடநூல் வழியாகவும் நுழைந்தது. 2018இல் வெளிவந்த புதிய நூல்களில் கியூஆர் கட்டங்கள் அச்சாகியிருந்தன. ஸ்கேன் செய்தால் திக்‌ஷா தளத்தில் காணொலி ஓடும். ஓடவைக்கும் கைப்பேசியும் டேட்டாவும் பெரும்பாலும் ஆசிரியருடையவை. 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை மதிப்பீட்டையும் செயலிக்குள் கொண்டுவந்தது. வருகைப் பதிவும் செயலியில்தான். பிள்ளை முன்வரிசையில் கண்ணெதிரே உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும்; செயலியில் ஏறாதவரை அது பள்ளிக்கு வரவில்லை. ஆகவே சிக்னல் கிடைக்கும் வேப்பமரத்தடியே (சில ஊர்களில் தண்ணீர்த் தொட்டியோரம்) பள்ளியின் தலைமை அலுவலகம். அங்கே ஆசிரியர் கைப்பேசியோடு கையை உயர்த்தி நிற்பார். வகுப்பில் பிள்ளைகளும் கையை உயர்த்தியபடி காத்திருப்பார்கள், ஒன்றுக்குப் போக.