மாற்கு வேண்டாம்!

சபையில் முதலில் விழுந்த காலியிடம் யூதாஸ்காரியோத்தினுடையது. அதை நிரப்பிய விதத்தை நினைத்தால் இன்றைய ஆயர்களுக்கெல்லாம் பொறாமை வரும். பெயர் இரண்டு, ஜெபம் ஒன்று, சீட்டுப் போட்டார்கள், மத்தியாவுக்கு விழுந்தது, முடிந்தது. கமிட்டி இல்லை, கோர்ட்டில் ஸ்டே இல்லை, தோற்றுப்போன பர்சபா கோபித்துக்கொண்டு தனிச்சபை தொடங்கியதாகவும் தகவல் இல்லை. (ஜெயித்த மத்தியா அப்புறம் என்ன செய்தார் என்றும் அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு வரி கிடையாது. அது வேறு கதை.)

சுமார் 20 வருஷம் கழித்து, சீட்டுப் போட்டிருந்தால் தேவலை என்று தோன்றும்படி ஒரு சண்டை வந்தது. இடம் சிரியாவின் அந்தியோகியா, காலம் கி.பி. 50-ஐ ஒட்டி. சண்டைக்காரர்கள் பவுலும் பர்னபாவும். காரணம் யோவான் மாற்கு என்றொரு பையன்.

மாற்கு வசதியான வீட்டுப் பிள்ளை. எருசலேமில் அவன் அம்மா மரியாளின் வீட்டில்தான் ஜெபக்கூட்டம். தேவதூதன் பேதுருவைச் சிறையிலிருந்து கூட்டிவந்த ராத்திரி, நகரத்து இரும்புக்கதவே தானாகத் திறந்து வழிவிட்டது. மரியாள் வீட்டுக் கதவு திறக்கவில்லை. பேதுருவின் குரலைக் கேட்ட வேலைக்காரி ரோதை, சந்தோஷத்தில் தாழ்ப்பாளை மறந்து உள்ளே ஓடிவிட்டாள். உள்ளே பேதுருவுக்காக விழுந்து விழுந்து ஜெபித்துக்கொண்டிருந்தவர்களோ, பேதுரு வந்திருக்கிறார் என்றதும், உனக்குப் பைத்தியமா என்று அவளைத்தான் கேட்டார்கள். விசுவாச வீரர் அதுவரை தெருவில் நின்று தட்டிக்கொண்டே இருந்தார்.

இந்த வீட்டில் வளர்ந்தவனைத்தான் பர்னபா முதல் ஊழியப் பயணத்துக்கு உதவியாளாகச் சேர்த்துக்கொண்டார். தகுதி? பர்னபாவுக்கு நெருங்கிய சொந்தம். விண்ணப்பம், நேர்முகம் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை.

அப்போது தலைவர் பர்னபாதான். அந்தியோகியா சபையின் ஐந்து போதகர் பட்டியலில் அவர் பெயர் முதலில், சவுல் (அதாவது பவுல்) பெயர் கடைசியில். கப்பல் போனதும் பர்னபாவின் சொந்த ஊரான சீப்புரு தீவுக்கு. ஆனால் பாப்போ பட்டணத்தில் எலிமா என்ற மந்திரவாதியைச் சவுல் ஒரே அதட்டலில் குருடாக்க, பார்த்துக்கொண்டிருந்த அதிபதி அசந்துபோய் விசுவாசியாகிவிட்டார். கப்பல் கிளம்பும்போது பட்டியலே மாறிவிட்டது: இப்போது “பவுலும் மற்றவர்களும்”. பர்னபா அந்த “மற்றவர்களில்” அடக்கம்.

அடுத்த நிறுத்தம் பம்பிலியா நாட்டுப் பெர்கே. அங்கே மாற்கு மூட்டையைக் கட்டி எருசலேமுக்குத் திரும்பிவிட்டான். ஏன் என்று நடபடிகளை எழுதிய லூக்கா சொல்லவில்லை. கடலோரக் காய்ச்சல், முன்னால் நின்ற மலை, வீட்டு ஞாபகம் என்று விளக்கவுரைக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். என் ஓட்டு பாப்போவில் மாறிய அந்தப் பெயர்ப் பட்டியலுக்குத்தான். சொந்தக்காரர் தலைமையில் கிளம்பிய பையன், நடுவழியில் தலைவர் மாறினால் வேறென்ன செய்வான்?

அவன் போனபிறகுதான் சுவாரசியமே. லீஸ்திராவில் ஒரு முடவன் நடந்ததும் ஊரார் இவர்களைத் தெய்வங்கள் என்று முடிவுகட்டி, காளையும் மாலையுமாக வந்துவிட்டார்கள். பர்னபா யூப்பித்தராம். ஓயாமல் பேசியதால் பவுல் மெர்க்கூரியாம். பலியைத் தடுத்து நிறுத்துவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. வெளியூரிலிருந்து சிலர் வந்து பேசியதும் அதே ஜனம் பவுலைக் கல்லால் அடித்து, செத்தான் என்று ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டது. யூப்பித்தர் மேல் கல் விழுந்ததாகக் குறிப்பில்லை.

இதெல்லாம் மனதில் இருக்க, பவுல் இரண்டாம் பயணப் பேச்சை எடுத்தார். யார் என்ன கேட்டார், பெரிய சண்டை மூண்டது என்பதோடு லூக்கா நிறுத்திக்கொள்கிறார். மிச்ச வசனம் நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

“அண்ணே, போன தடவை போன ஊரையெல்லாம் ஒரு சுத்து பார்த்துட்டு வருவோமா?”

“போகலாம் தம்பி. மாற்கையும் கூட்டிக்குவோம்.”

“பெர்கேயில மூட்டை கட்டுனவனையா? லீஸ்திராவில என் மேல கல்லு விழுந்தப்ப அவன் அம்மா கையால சாப்பிட்டுக்கிட்டு இருந்தான்.”

“ஸ்தேவான் மேல கல்லு விழுந்தப்ப யார் தம்பி துணிக்குக் காவல் நின்னது?”

இதற்குமேல் சமாதானம் ஏது? ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றவர்களின் துணிக்குக் காவல் நின்ற பவுல், திருந்திவிட்டேன் என்று எருசலேமுக்கு வந்தபோது ஒருவரும் நம்பவில்லை. கையைப் பிடித்து அப்போஸ்தலர்களிடம் கூட்டிப்போனவர் பர்னபா. தர்சுவில் கிடந்தவரைத் தேடிப்போய் அந்தியோகியாவில் வேலைக்கு வைத்தவரும் அவரே. ஆள் எடுப்பதில் பர்னபாவின் மிகப் பெரிய சூதாட்டம் எதிரே நின்று, இன்னொரு ஆளுக்கு வாய்ப்பே கிடையாது என்றது.

மாற்கு வெறும் சாக்கோ என்றும் எனக்கொரு சந்தேகம். இதே அந்தியோகியாவில், புறஜாதியாரோடு பந்தியில் உட்கார்ந்திருந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபின் ஆட்கள் வந்ததும் நழுவினார். பர்னபாவும் பின்னாலேயே நழுவினார். பவுல் பேதுருவை எல்லார் முன்னாலும் பிடித்து வாங்கியதைக் கலாத்தியருக்கு அவரே எழுதியிருக்கிறார். லூக்கா இதை அப்படியே விழுங்கிவிட்டார். அது இந்தச் சண்டைக்கு முன்னால் நடந்தது என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. அப்படியானால் பாவம், பையன் பந்தித் தகராறுக்குப் பலியாகியிருக்கிறான்.

முடிவு: பர்னபா மாற்கைக் கூட்டிக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பலேறினார். பவுல் சீலாவோடு வடக்கே போனார். சகோதரர்கள் தேவ கிருபைக்கு ஒப்புவித்து வழியனுப்பியதாக லூக்கா சொல்வது பவுலை மட்டும். பர்னபாவை யாராவது துறைமுகம் வரை போய் வழியனுப்பினார்களா தெரியாது. அத்தோடு நடபடிகளில் அவர் பெயரே வராது. அடுத்த அதிகாரத்தில் துரோவாவில் “நாங்கள்” என்று கதை சொல்ல ஆரம்பிக்கும் லூக்கா எந்தக் கோஷ்டி என்று கேட்கவேண்டியதில்லை. மினிட்ஸ் எழுதியவர் பவுலின் ஆள்.

வருஷங்கள் போயின. கொலோசெயருக்கு எழுதிய கடிதத்தில், மாற்கு வந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு சிபாரிசு வருகிறது. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் (அது பவுல் எழுதியதுதானா என்ற வழக்கு இன்னும் நடக்கிறது) தேமா ஓடிவிட்டான், லூக்கா மட்டும்தான் கூட இருக்கிறான், மாற்கைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்துக்குப் பிரயோஜனமானவன் என்று வருகிறது. துரோவாவில் விட்டுவந்த மேலங்கியும் தோற்சுருள்களும் அதே பட்டியலில் இருக்கின்றன. மன்னிப்புக் கேட்டதாக எங்கும் இல்லை. அப்போஸ்தலருக்கு ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

லூக்காவுக்கும் மாற்கு தேவைப்பட்டார். லூக்கா தன் சுவிசேஷத்தை எழுத உட்கார்ந்தபோது முன்னால் விரித்து வைத்திருந்த ஏடுகளில் முக்கியமானது மாற்கின் சுவிசேஷம் (அதை எழுதியவர் இந்த மாற்குதான் என்பது சபை மரபு) என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. பத்திபத்தியாக எடுத்துக்கொண்டிருக்கிறார். முன்னுரையில், இதுபற்றி அநேகர் எழுதியிருக்கிறார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மேலே போகிறார். பெர்கேயில் யார் ஓடினது என்பதைப் பெயரோடு குறித்து வைத்தவர், இங்கே ஒரு பெயரும் சொல்லவில்லை.