கண்ணாடித் தலபுராணம்

ஸ்ரீபெரும்புதூரில் 1017-ல் ராமானுஜர் அவதரித்தார். 983 வருஷம் கழித்து, 2000-ல், அதே ஊரில் செயின்ட் கோபைன் ஆலையில் கண்ணாடி அவதரித்தது. முன்னவருக்குத் தலபுராணம் உண்டு; பின்னதற்கு யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. எழுதிவிடுவோம்.

முதல் ரிஷி, பெல்ஜியத்து ஜோசப் பிளாத்தோ. 1829-ல் சூரியனை 25 விநாடி இமைகொட்டாமல் முறைத்தார். 1843 வாக்கில் பார்வை முழுசாகப் போயிற்று. (சூரியன் குற்றவாளியல்ல என்பது இன்றைய டாக்டர்கள் சிலரின் கட்சி.) சோப்புப் படல ஆராய்ச்சியெல்லாம் அதற்கப்புறம்தான். மகனும் மருமகனும் கம்பியை சோப்பும் கிளிசரினும் கலந்த தண்ணீரில் முக்கியெடுத்து, தெரிவதைச் சொல்ல வேண்டியது. மாமனார் விதி எழுத வேண்டியது. மூன்று படலம் கூடினால் 120 டிகிரியில்தான் கூடும். நாலாவதுக்கு அங்கே இடமில்லை.

காரணம், சோப்புப் படலம் மகா கஞ்சன். கொடுத்த கம்பிக்குள் முடிந்தவரை குறைந்த பரப்பில் காரியத்தை முடித்துக்கொள்ளும். எந்தக் கம்பிக்கும் அப்படியொரு பரப்பு நிச்சயம் உண்டா? கணித மேதை லக்ராஞ்ச் காலத்திலிருந்து சுமார் 170 வருஷம் கணக்கு வாத்தியார்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நிரூபித்தவர்களில் ஒருவரான ஜெஸ்ஸி டக்ளஸுக்கு 1936-ல் ஃபீல்ட்ஸ் பதக்கம். ஆள் விழாவுக்குப் போகவில்லை, களைப்பாம். 170 வருஷக் களைப்பாயிற்றே!

இரண்டாவது ரிஷி, இங்கிலாந்தின் அலஸ்டர் பில்கிங்டன். பில்கிங்டன் கண்ணாடிக் கம்பெனியில் வேலை; பெயர் பொருந்தியதே தவிர, முதலாளிக்கு நெருங்கிய சொந்தமில்லை. உருக்கிய வெள்ளீயத்தின் மேல் உருக்கிய கண்ணாடியை மிதக்கவிட்டால் என்ன என்று 1952-ல் தோன்றியது. பாத்திரம் கழுவும்போது ஞானம் பிறந்ததாக ஊரில் ஒரு கதை உண்டு. அப்புறம் 14 மாதம் ஆலை ராப்பகலாகக் கொட்டியதெல்லாம் விலைபோகாத கண்ணாடி.

எடை கண்ணாடியைப் பரப்பப் பார்க்கும். நம்ம கஞ்சன், அதாவது பரப்பு இழுவிசை, சுருக்கப் பார்ப்பான். பஞ்சாயத்து ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் தடிமனில் முடிந்தது. சந்தையில் அதிகம் கேட்டதோ 6! கொஞ்சம் இழுத்தால் போதும். தவத்துக்கு இதைவிட மலிவான வரம் கிடையாது.

ஸ்ரீபெரும்புதூரிலும் அதே வெள்ளீயத் தொட்டிதான். சுமார் 1,000 டிகிரியில் உள்ளே போகும் கண்ணாடி 600-ல் வெளியே வரும். பக்கத்து ஒரகடத்தில் தயாராகும் கார்களுக்குத் தோதாக மெலிய வேண்டுமென்றால் ஓரங்களைப் பல்லுருளை பிடித்து இழுக்கும். வெள்ளீயம் தொட்ட பக்கத்துக்கு 'டின் சைடு' என்று பெயர். புற ஊதா விளக்கைக் காட்டினால் அந்தப் பக்கம் மட்டும் பால்போல ஒளிரும்.

பலஸ்ருதி: இதைப் படித்தவர்கள், முகம் கோணலாகத் தெரிந்தால் இனி கண்ணாடியைக் குறை சொல்லும் உரிமையை இழப்பார்கள்.