மாட வீதிக்கு ஒரு மலையேறி

மயிலாப்பூர்வாசிக்கு நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி ஆடம்பரமல்ல, அத்தியாவசியம். லஸ் முனையில் மெட்ரோ வேலையைத் தாண்டி அடை சாப்பிடப் போவதென்ன சாதாரண சாகசமா? கேள்வி ஒன்றுதான்: வாங்குவது தார் வண்டியா, ஜிம்னியா?

தரையிலிருந்து தாருக்கு 226 மில்லிமீட்டர் உயரம், ஜிம்னிக்கு 210. அடையாற்று வேகத்தடைகளுக்கு அந்த 16 மில்லிமீட்டர்தான் உயிர்நாடி. செலவு? ஜிம்னி லிட்டருக்கு ஏறக்குறைய 17 கிலோமீட்டர் தரும் என்கிறது நிறுவனம். ஆனால் தீபாவளி வாரத்து உஸ்மான் சாலையில் வண்டியே நகராது. எரிகிற பெட்ரோலை ஏசி செலவில் எழுதிக்கொள்ளலாம். கரடுமுரடான பாதைக்கான 'ஃபோர் எல்' கியரைத் தொடவே வேண்டாம் என்பதால் அதற்குத் தேய்மானமும் இல்லை. எவ்வளவு மிச்சம்!

தாரோ 650 மில்லிமீட்டர் தண்ணீரையும் கடக்குமாம். அதனால்தான் அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றனவே, அடுத்த எச்சரிக்கைக்கு நம் வண்டியும் அங்கே ஏறிவிடும். முழங்கால் தண்ணீரில் பால் வாங்க நாம் நடந்தே போகலாம்.

ஆகவே, இரண்டில் எதை வாங்கினாலும் சரி. வீட்டை மட்டும் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் பாருங்கள்.