மாடிப்படியில் ஒரு மரியாதையான சண்டை

ஸ்டுட்கார்ட்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மா,

நலம். போன வாரம் போனில் கேட்டாயே, "அங்கெல்லாம் யாரும் சண்டையே போடமாட்டாங்களாமேடா, நிஜமா?" என்று. அப்பா பக்கத்தில் இருந்ததால் ஆமாம் என்று சொல்லிவைத்தேன். இப்போது நானே ஒரு சண்டையில்தான் இருக்கிறேன். மூன்று வாரமாக நடக்கிறது. இதுவரை யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

எல்லாம் அந்தப் பலகையால் வந்தது. என் கதவுக் கைப்பிடியில் சின்ன மரப்பலகை தொங்குகிறது என்று வாட்ஸ்அப்பில் படம் போட்டேனே, நீகூட "புதுசா வந்த பிள்ளைக்கு மரியாதை பண்றாங்க" என்று மாமாவுக்கெல்லாம் அனுப்பினாயே, அதுதான். அது மரியாதை இல்லையம்மா. முறைவாசல். காசு கொடுத்து ஆள் வைப்பதற்கு முன்னால் நம் வீட்டில் இருந்ததே, அதே முறைவாசல். இங்கே அதன் பெயர் கேர்வோஹெ. பலகை யார் கதவில் தொங்குகிறதோ அவர் அந்த வாரம் படியைப் பெருக்கித் துடைத்து, சனிக்கிழமைக்குள் முடித்து, பலகையை அடுத்த கதவில் மாட்ட வேண்டும். இதில் சின்ன முறை, பெரிய முறை வேறு. சின்னதென்றால் அவரவர் தளத்துப் படி. பெரியதென்றால் நடைபாதை, பேஸ்மென்ட், குப்பைத்தொட்டி இருக்குமிடம், குளிர்காலத்தில் பனி எல்லாம்.

அவரவர் குப்பையை வாராவாரம் வெளியேற்ற வேண்டும் என்று 1492-லேயே இந்த ஊர்ச் சட்டம் சொல்லிவிட்டதாம். அப்பாவிடம் சொல்: பாலைவன யுத்தத்தில் பேர் வாங்கிய ரோம்மலின் மகன் மன்ஃப்ரெட் ரோம்மல்தான் இங்கே மேயராக இருந்தவர். அவர் காலத்தில் 1988-ல் நகராட்சி விதியிலிருந்து இதை எடுத்துவிட்டார்கள். எடுத்து என்ன? வாடகை ஒப்பந்தத்துக்குள் புகுந்துகொண்டு அப்படியே இருக்கிறது. தகப்பன் டாங்கியோடு மோதினார், மகன் துடைப்பத்தோடு. இரண்டு பேருமே தோற்றார்கள்.

நான் பலகையை இரண்டு வாரம் அழகுக்குத் தொங்கவிட்டிருந்தேன். அப்புறம் கதவில் ஒரு சீட்டு. 'மிகவும் மதிப்பிற்குரிய' என்று தொடங்கி, படிகள் கவனிக்கப்படாததை வருத்தத்தோடு தெரிவித்து, 'நட்பார்ந்த வணக்கங்களுடன்' என்று முடிந்திருந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வேலை கிடைத்த கடிதத்தில்கூட இவ்வளவு மரியாதை இல்லை. ஆபீஸ் நண்பர்தான் விளக்கினார்: இது திட்டு. நட்பார்ந்த வணக்கம் என்றால் பல்லைக் கடிக்கிறார்கள் என்று அர்த்தம்.

ரோஷம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு வாளித் தண்ணீரை எடுத்து, நீ வாசல் கழுவுவாயே அப்படி, மேல்படியிலிருந்து சளாரென்று வீசினேன். அம்மா, இங்கே படிக்கட்டில் தண்ணீர் போக வழியே கிடையாது. அது மூன்று தளம் இறங்கி, பேஸ்மென்ட்டில் யாரோ வைத்திருந்த உருளைக்கிழங்கு மூட்டையை நனைத்துவிட்டுத்தான் நின்றது. சாயங்காலத்துக்குள் மூன்று சீட்டு. ஒன்று தண்ணீருக்கு, ஒன்று உருளைக்கிழங்குக்கு, ஒன்று ஞாயிற்றுக்கிழமை அமைதியைக் கெடுத்ததற்கு. நானும் விடவில்லை. அகராதியை வைத்துக்கொண்டு பதில் எழுதிக் கீழே ஒட்டினேன். மறுநாள் பார்த்தால் யாரோ சிவப்புப் பேனாவால் ஏழு இலக்கணப் பிழை திருத்தியிருக்கிறார்கள். அடியில் நட்பார்ந்த வணக்கம்.

வாய்விட்டுத் திட்டலாமென்றால் அதுவும் ஆகாது. அடுத்தவரை அவமதிப்பது இங்கே குற்றம். தண்டனைச் சட்டம் 185-வது பிரிவு, ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். தண்ணீர் லாரி வந்துபோகிற நேரத்துக்குள் நீயும் மாடி அக்காவும் பேசிக்கொள்வதைக் கூட்டிப்பார்த்தால் ஆயுள் தண்டனையே வந்துவிடும். அதனால் ஜனங்கள் சண்டைக்கென்று இன்சூரன்ஸ் எடுத்து வைத்திருக்கிறார்கள். சிரிக்காதே. வழக்கு என்று போனால் வக்கீல் செலவைக் கம்பெனி கொடுக்கும். எல்.ஐ.சி. ஏஜென்ட் சித்தப்பாவிடம் சொல்லிவிடாதே, தூங்கமாட்டார்.

ஆபீஸில் நேர்மாறு. 'நீங்கள் சொல்வது தப்பு' என்று எல்லோர் எதிரிலும் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள், மேலதிகாரியிடம்கூட. நான் சென்னையில் 'பார்க்கலாம் சார்' என்று சொல்லிவிட்டு டீக்கடையில் வந்து திட்டிப் பழகியவன். இவர்கள் அரை மணி நேரம் மோதிக்கொண்டு, பன்னிரண்டு மணிக்குச் சேர்ந்து சாப்பிடப் போகிறார்கள். ஒருநாள் நானும் ஒருவரைத் தப்பு என்றேன். கை நடுங்கியது. அவர் நன்றி சொன்னார்.

படிக்கட்டில்தான் தாங்கவில்லை. எதிரில் வந்தால் எல்லோரும் வணக்கம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். எந்தச் சீட்டு யாருடையது? யாரை முறைப்பது என்றுகூடத் தெரியாமல் என்ன சண்டை அது? நேற்று ராத்திரி படி துடைக்கும்போது சுவரைப் பார்த்துத் தமிழில் கொஞ்சம் பேசினேன். பதிலில்லை. 'ஏன், உங்க வீட்டு வாசல் மட்டும் ஒழுங்கா?' என்று ஒரு குரல் வந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன்.

மாடியில் இருக்கிறவளுக்கு வாசல் எதற்கு என்று மாடி அக்கா முறைவாசல் காசு தராமல் இருக்கிறாரே, அதை அப்பா பேசி முடிக்கப் போவதாகத் தம்பி சொன்னான். வேண்டாம் என்று சொல். டிசம்பர் 20-க்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். நான் வரும்வரை இழுத்து வை.

அன்புடன்,
உன் பெரியவன்