சுங்கப் புணரியல்: ஓர் ஊசியின் வருகையை முன்வைத்து

பல்லும் பொடியும் சேர்ந்தால் பற்பொடி ஆகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். 200 டாலரும் சென்னையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. பவணந்தியார் நன்னூல் செய்த காலத்தில் டர்ன்டேபிள் இல்லாதது ஒரு காரணமாக இருக்கலாம். அந்தக் குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை. நிலைமொழி, அயல்நாட்டுக் கடை காட்டும் விலை. வருமொழி, நம் வீட்டு வாசல். இவ்விரண்டும் புணரும்போது நடுவில் நேரும் விகாரங்களே ஆய்வுப் பொருள். எடுத்துக்கொண்ட மாதிரிகளின் எண்ணிக்கை: ஒன்று. ஆய்வாளரின் வங்கிக் கணக்கு அதற்கு மேல் இடம் தரவில்லை.

அந்த ஒன்று, ரெக்கார்டு பிளேயரின் கார்ட்ரிட்ஜ். தட்டின் பள்ளத்தில் ஓடும் ஊசியும், அந்த ஊசியின் நடுக்கத்தை மின்சாரமாக்கும் காந்தமும் சுருளும் அடங்கிய சமாசாரம். ஆறேழு கிராம் இருக்கும். பழைய ஊசி தேய்ந்துபோய், எஸ். ஜானகி பாடும் சகரமெல்லாம் ஷகரமாகக் கேட்கத் தொடங்கியிருந்தது. சகரம் ஷகரமாகத் திரிவதற்குத் தமிழில் விதி இல்லை. ஆகவே 2023-இல் ஒரு நாள் நள்ளிரவில், அமெரிக்கக் கடை ஒன்றில் 200 டாலருக்குப் புதியது வாங்கினேன். கூரியர் செலவு 30 டாலர். இதே பொருள் மவுண்ட் ரோடு பக்கம் 27,000 ரூபாய். நிலைமொழியைக் கண்டு மகிழ்ந்தவன் வருமொழியை யோசிக்கவில்லை என்க.

விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். வசதி கருதித் திரிதலை முதலில் கொள்வோம். டாலர் ரூபாயாகத் திரியும். ஆனால் ஒரே மாதிரித் திரியாது. செய்தியில் வாசிக்கும் டாலர் ஒன்று. மூன்றரை விழுக்காடு கூட்டிக்கொண்டு கார்டு கம்பெனி கணக்கிடும் டாலர் இன்னொன்று. இறக்குமதிக்கென்று சுங்கத் துறை அறிவிக்கும் டாலர் வேறொன்று. மூன்று டாலருக்கும் முகம் ஒன்றுதான். எளிமைக்காக 83 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். பைசாக்களை விரும்புவோர் தாமே சேர்த்துக்கொள்ளலாம்.

இனி, இலக்கணத்தின் இதயமான தோன்றல். பொருளின் விலை 16,600. கூரியர் 2,490. இரண்டையும் கூட்டினால் 19,090. இதன்மேல் வரி போடுவார்கள் என்று நினைப்பவர் முதல் பருவத் தேர்விலேயே தோற்பார். சுங்கத்தின் கண்ணில் மதிப்பு என்பது விலை, வண்டிச் சத்தம், இன்சூரன்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்தது. நான் இன்சூரன்ஸ் எடுக்கவில்லையே என்றால், எடுத்ததாகவே கொள்ளப்படும்: விலையில் 1.125 விழுக்காடு. சத்தம் எவ்வளவு என்று தெரியாவிட்டால் அதற்கும் வழி உண்டு, விலையில் 20 விழுக்காடு. சொற்களுக்கு நடுவே உருபு மறைந்து நின்று பொருள் தருவதைத் தொகை என்பார்கள் இலக்கணக்காரர்கள். என் இன்சூரன்ஸ் 186 ரூபாய் 75 காசு, இரு பொருளிலும் தொகை. ஆக மதிப்பு 19,276 ரூபாய் 75 காசு.

இதில் 10 விழுக்காடு அடிப்படைச் சுங்க வரி: 1,928. அந்த வரியின்மேல் 10 விழுக்காடு சமூக நல மேல்வரி: 193. இது 2018-இல் பழைய கல்வி செஸ்ஸின் இடத்துக்கு வந்தது. பள்ளிக்கூடம் போய்ச் சமூகம் வந்தது, அவ்வளவுதான். மதிப்பு, வரி, வரியின்மேல் வரி மூன்றையும் ஒன்றாக்கி, அந்தக் கூட்டுத்தொகையின்மேல் அப்போது 28 விழுக்காடு ஐ.ஜி.எஸ்.டி.: 5,991. பத்தும் ஒன்றும் இருபத்தெட்டும் முப்பத்தொன்பது என்று நம் கை விரல்கள் சொல்லும். உண்மையில் அது 42.08. அந்த இடைவெளியில் வசிப்பது, வரிக்குப் போட்ட வரி. தனிநபர் வாங்குவோர் வட்டாரத்தில் இந்த 42.08, அரசுத் தேர்வு எழுதுவோருக்குக் கட்-ஆஃப் போல, தூக்கத்தில் எழுப்பினாலும் வரும் எண்ணாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யின் 28 விழுக்காட்டுப் படி பெரும்பாலான பொருள்களுக்கு ஒழிந்துவிட்டதால், உரையாசிரியர்கள் புதுப் பதிப்புப் போட வேண்டியிருக்கிறது.

சுங்கப் பட்டியல் என்ற பெருநூலையும் இங்கே தொட்டுச் செல்ல வேண்டும். அதில் உலகத்துப் பொருள் அத்தனைக்கும் எண் உண்டு. மைக், ஸ்பீக்கர், ஹெட்போன், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் 8518. ரெக்கார்டு பிளேயர் 8519. அதன் உதிரிகளும் ஊசியும் 8522. பாட்டுப் பதிந்த தட்டு 8523. சாதி பார்த்துப் பந்தி போட்டதுபோல் இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துவிட்டு, தனிநபர் தன் சொந்த உபயோகத்துக்குத் தபாலிலோ விமானத்திலோ வரவழைத்தால் எல்லாரும் 9804 என்ற ஒரே இலையில் உட்காரலாம் என்கிறது அதே நூல். அந்த இலையிலும் மருந்துக்கு மட்டும் தனி வரிசை. அங்கே வரி குறைவு. எனவே மருந்துக்குக்கூடச் சலுகை இல்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. மருந்துக்கு உண்டு. ஊசிக்குத்தான் இல்லை.

இந்த நுட்பம் எனக்குத் தொலைபேசியில் விளங்கியது. அடையாள ஆவணம் கேட்டுக் கூரியர் கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினார்.

“சார், ஸ்டைலஸ்னு போட்டிருக்கு. அது என்ன சார்?”

“ஊசிம்மா.”

“மெடிக்கல் ஐட்டமா சார்?”

“இல்லம்மா. பாட்டு கேக்கிற ஊசி.”

கொஞ்ச நேரம் மௌனம். தட்டச்சுச் சத்தம் கேட்டது. என்ன எழுதிக்கொண்டார் என்று இன்றுவரை தெரியாது.

ஐந்தாம் நாள் பார்சல் வந்தது. இரண்டு கிலோ மைசூர்பாகு வைக்கலாம், அவ்வளவு பெரிய பெட்டி. இரண்டு மாடி ஏறிவந்த பையன் மூச்சு வாங்கியபடி போனைப் பார்த்தான்.

“டூட்டி 8,820 சார். கேஷா, ஜிபேயா?”

வரி 8,112 தானே என்று ஆய்வாளர் வாதிட்டார். மீதி 708, உங்களுக்காக நாங்கள் முன்கூட்டி வரி கட்டியதற்கான கட்டணம் 600, அதன்மேல் ஜி.எஸ்.டி. 108 என்று ரசீது காட்டியது. தோன்றலுக்குள் ஒரு தோன்றல். கேட்காமல் கொடுத்த கைமாற்றுக்கு அன்றே வட்டி.

“அப்படி என்ன சார் உள்ள இருக்கு?”

“ஊசி, தம்பி.”

“தங்கமா சார்?”

“இல்லப்பா. வைரம்.”

சொன்னது நிஜம், கார்ட்ரிட்ஜ் ஊசியின் நுனி வைரத் துகள்தான். ஆனால் வாசலில் நின்று, சுங்கம் கட்டிய கையோடு சொல்லக்கூடிய வார்த்தை அல்ல என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. எதிர்வீட்டுக் கதவு வேறு பாதி திறந்திருந்தது.

கெடுதலைப் பற்றி அதிகம் எழுத மனம் இல்லை. கார்டுக்காரரின் மூன்றரை விழுக்காட்டையும் அதன் ஜி.எஸ்.டி.யையும் சேர்த்து மொத்தம் 28,698 ரூபாய். மவுண்ட் ரோடு 27,000. கெட்டது 1,698.

இந்த விகாரங்களிலிருந்து தப்ப நம்மவர்கள் கண்ட வழிகள் இரண்டு. முதலாவது, பரிசு. சிகாகோவில் இருக்கும் சித்தி மகன் அன்பளிப்பாக அனுப்பினால் 5,000 ரூபாய் வரை ஒரு காலத்தில் விலக்கு இருந்தது. 2019 டிசம்பரில் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் அந்த வாசலை அடைத்தது. பரிசு என்ற பெயரில் வரியின்றி வரக்கூடியவை இனி இரண்டே: உயிர் காக்கும் மருந்து, ராக்கிக் கயிறு. கார்ட்ரிட்ஜைக் கயிற்றில் கோத்து அனுப்பினால் என்ன என்று யோசிக்கும் அறிவாளிகள் இந்நாட்டில் உண்டு என்பதை அந்த அறிவிக்கையை எழுதியவர் முன்பே உணர்ந்திருக்கிறார். ராக்கி மட்டும்தான், ராக்கியோடு வரும் பரிசுகள் அல்ல என்று அடைப்புக்குறிக்குள் தெளிவாகப் போட்டுவிட்டார். உரைநடையில் இவ்வளவு மனித மனத்தை அறிந்த அடைப்புக்குறியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இரண்டாவது வழிக்குப் பெயர் கொடுத்தனுப்புதல். நிலைமொழியும் வருமொழியும் யாதொரு மாற்றமுமின்றிச் சேர்வது இயல்பு புணர்ச்சி. மச்சானின் பெட்டியில், சட்டைக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே வருவது அது. 2016-ஆம் ஆண்டின் பயணப் பை விதி நடப்பில் இருந்தபோது 50,000 ரூபாய் வரை வரி இல்லை, தாண்டினால் 38.5 விழுக்காடு. இந்த விதியில் ஆறாம் வேற்றுமை முக்கியம்: பையில் இருப்பது பயணியின் பொருளாக இருக்க வேண்டும். மீனம்பாக்கத்து வெளிவாசல் வரை அது மச்சானது. கார் நிறுத்துமிடத்தில் என்னது. இயல்பு புணர்ச்சிக்குச் செலவே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. விடியற்காலை மூன்று மணிக்கு விமான நிலையம் போக வேண்டும். திரும்பும்போது நாலு கிலோ வடாம், மாவடு, வேப்பம்பூ, மச்சினிக்குத் தைத்த ரவிக்கைகள் கொடுத்தனுப்ப வேண்டும். அடுத்த பத்து வருஷத்துக்கு எந்தக் கல்யாண வீட்டிலும் “அந்த ஊசி எப்படிப் பாடுது?” என்ற கேள்விக்கு எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். இதற்கு 42.08 மலிவு என்று கருதும் அறிஞர்களும் உளர்.

ஸ்பீக்கர் வாங்குவோருக்கு இவ்விரண்டு வழியும் உதவாது. அவர்களின் துயரம் எடையில் தொடங்குகிறது. விமானக் கூரியரில் பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். 60, 50, 50 என்றால் 30 கிலோ. தராசில் 14 கிலோ நின்றாலும் கட்டணம் 30-க்குத்தான். காற்றுக்கும் காசா என்று நண்பர் ஒருவர் கொதித்தார். கொதிப்பு நியாயமில்லை. ஸ்பீக்கர்ப் பெட்டியில் பாதி வித்தை காற்றுதான்; உள்ளே அடைபட்ட காற்றின் அளவை வைத்தே தாழ்ந்த ஸ்வரம் எவ்வளவு இறங்கும் என்று கணிக்கிறார்கள். இதே நண்பர் முன்பு ஜப்பானிலிருந்து பழைய ஆம்ப்ளிஃபையர் தருவித்தவர். அந்த ஊர் மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. ரிச்சி தெருவில் ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கியிருக்கலாம். வாங்காமல் நேராகச் செருகினார். அவர் ஈமத்தொகையையும் சுங்கத்தையும் ஒரே மாதத்தில் கட்டினார், ஈமம் ஆம்ப்ளிஃபையருக்கு.

வரலாற்றுப் பின்புலம் தராத ஆய்வு தேர்வாளர்களிடம் செல்லாது. உல்கு என்ற பெயரில் வள்ளுவரே சுங்கத்தை அரசனின் வருவாயில் சேர்த்திருக்கிறார். காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த மூட்டைகளில் சோழனின் புலி முத்திரை குத்தியதைப் பட்டினப்பாலை பேசுகிறது. என் பெட்டியின் மேல் புலி இல்லை. பிரித்துப் பார்த்தோம் என்று எழுதிய ஒட்டுநாடாதான் இருந்தது. முதற் குலோத்துங்கன் 1070-இல் பட்டமேறி, சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர் வாங்கினான். ஏறக்குறைய 950 வருஷம் பிந்தி ஊசி வாங்கியது என் குற்றம். சென்னையில் சுங்க மாளிகை நிற்பது ராஜாஜி சாலையில். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் போட்ட பர்மா பஜாரும் அதே ராஜாஜி சாலையில். டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரும் ஃபாரின் கேசட்டும் தேடி ஒரு தலைமுறையே போய் நின்ற கடைகளுக்கும் சுங்கத்துக்கும் நடுவே, இலக்கணத்தில் சொன்னால், உடம்படுமெய்கூட வர வேண்டியிருக்கவில்லை.

இக்கட்டுரையைச் செப்பம் செய்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. முன்பின் யோசிக்காமல் இன்னொரு ஊசிக்குப் பணம் கட்டியிருந்தேன். மோனோ தட்டுகளுக்கு முதல் ஊசி பொருந்தாது என்று ஒருவர் சொன்னதை நம்பி. அதே கம்பெனி, வேறு குரல்.

“சார், ஸ்டைலஸ்னு ஒரு பார்சல். மெடிக்கல் ஐட்டமா?”

உடனே பதில் சொல்லவில்லை.

“சார்? லைன்ல இருக்கீங்களா?”