கொஞ்சம் பிடிச்சுப் பாருங்க சார்

ஆபீசில் யாரோ புதுப் போன் வாங்கியிருக்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ளப் போனைப் பார்க்க வேண்டியதில்லை, மேஜையைப் பார்த்தால் போதும். நேற்று வரை சட்டைப் பையில் சில்லறையோடும் பஸ் டிக்கெட்டோடும் உருண்டுகொண்டிருந்தது, இன்றைக்கு மேஜை நடுவில் கைக்குட்டை விரித்து அதன்மேல் படுத்திருக்கும். மல்லாக்க வைத்தால் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் கேமரா தேயும். குப்புற வைத்தால் திரை கீறும். அதற்குத்தான் கைக்குட்டை. தண்ணீர் பாட்டில் பக்கத்து மேஜைக்குக் குடிபோயிருக்கும். ‘ஐபி68 சார், ஒன்றரை மீட்டர் ஆழத் தண்ணியில அரை மணி நேரம் கிடந்தாலும் ஒண்ணும் ஆகாது’ என்று சற்று முன்தான் நம்மிடம் சொன்னவரும் இவரேதான்.

இவருக்குப் புதுப்போன்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். எல்லா ஆபீசிலும் ஒருவர் உண்டு. ஆபீஸ் இல்லாத ஊரில் எல்லாக் குடும்பத்திலும் ஒரு மாப்பிள்ளை உண்டு. பெரும்பாலும் ஆண்தான். பெண்கள் புதுப் போன் வாங்கினால் வீட்டுக்கு ஒரு போன் போட்டு, ‘குக்கர்ல மூணு விசில் வந்ததும் ஆஃப் பண்ணிடு’ என்று சொல்லிவிட்டுக் கைப்பைக்குள் போட்டுக்கொள்கிறார்கள். அது புதுப் போன் என்பது மூன்று மாதம் கழித்து வேறு யாரோ சொல்லித்தான் நமக்குத் தெரிய வரும்.

புதுப்போன்காரர் அப்படியில்லை. அவர் நம் முன்னால் வந்து நிற்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். நாம் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கும் வரைக்கும் நிற்பார். எடுத்ததும், “கொஞ்சம் பிடிச்சுப் பாருங்க சார்” என்று நீட்டுவார். நாம் பிடிப்போம். ஆனால் அவர் விடமாட்டார். ஒரு முனை நம் விரலில், மறுமுனை அவர் விரலில். ரொம்ப நேரம் கழித்து மனமில்லாமல் விடுவார். விட்ட இரண்டு கையும் நம் கைக்குக் கீழே, ஸ்லிப்பில் நிற்கிற பீல்டர் மாதிரி, விரிந்து காத்திருக்கும். “வெயிட்டே தெரியலல்ல?” என்பார். தெரியாமல் என்ன, கால் கிலோ தக்காளியில் ஒன்றிரண்டை எடுத்துவிட்ட மீதி இருக்கும். தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். சொன்ன நிமிஷத்தில் போன் திரும்பிப் போய்விடும். நம் கைரேகை சட்டை நுனியில் துடைக்கப்படும்.

அவர் சொல்லும் ‘பர்ஸ்ட் இம்ப்ரஷன்’ எல்லாம் பெட்டியைப் பிரிப்பதற்கு ஒரு மாதம் முன்பே உருவானவை. அந்த ஒரு மாதமும் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் யூடியூபில் யார் யாரோ யார் யாருடைய பெட்டியையோ பிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் தன் பெட்டியைப் பிரித்தபோது அவருக்கு ஆச்சரியப்பட ஒன்றுமே மிச்சமில்லை. உள்ளே சார்ஜர் இருக்காது என்பதுகூட முன்பே தெரியும். 2020-இல் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 12 பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்தது. சுற்றுச்சூழலைக் காப்பாற்ற என்றார்கள். பிறகு மற்ற கம்பெனிகள் சிலவற்றுக்கும் சுற்றுச்சூழல் மீது அக்கறை வந்துவிட்டது. புதுப்போன்காரர் அன்று சாயங்காலமே போய் இரண்டாயிரம் ரூபாய்க்குத் தனியாக ஒரு சார்ஜர் வாங்கி, தன் பங்குக்குச் சுற்றுச்சூழலைக் காப்பாற்றினார்.

அவரிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு: “பேசினா நல்லாக் கேட்குதா?” கேட்டுவிட்டால் முகம் வாடிவிடும். “நூத்தி இருபது ஹெர்ட்ஸ் சார்” என்பார். திரை விநாடிக்கு 120 தடவை புதுப்பித்துக்கொள்ளுமாம். பழைய போன் அறுபது தடவைதானாம். வித்தியாசத்தைக் காட்டுவதற்காக வாட்ஸ்அப் அரட்டைப் பட்டியலை மேலும் கீழும் சர்ர்ரென்று இழுத்துக் காட்டுவார். அந்த வேகத்தில் ஓடியது அவர் மச்சினனுடைய கடன் விவகாரம், குலதெய்வம் கோயில் வரி, மேனேஜரைப் பற்றி அவர் இன்னொருவருக்கு எழுதியது. எதையும் நாம் படிக்கவில்லை என்று முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் குலத்துக்கு முன்னோர் உண்டு. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுக்குப் பேசியதுதான் இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. அதற்குப் பின் வந்த சில வருஷங்களில், சட்டைப் பைக்கு வெளியே ஆன்டெனா தெரிகிற மாதிரி போனைச் செருகிக்கொண்டு கல்யாண மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தவர்கள் நம் புதுப்போன்காரரின் பாட்டன்மார்கள். அப்போது வருகிற அழைப்புக்கும் காசு. போன் அடித்தால் எடுக்காமல், அது அடிப்பதை நாலு பேர் கேட்கும்வரை பார்த்துக்கொண்டிருந்து, பிறகு வெட்டிவிட்டு எஸ்டிடி பூத்தைத் தேடிப் போவார்கள். 2003-இல்தான் வருகிற அழைப்பு இலவசமானது. அதே வருஷம் நோக்கியா 1100 வந்தது. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற அந்தப் போனைப் பார்த்து நம் மக்கள் வியந்தது அதிலிருந்த டார்ச் லைட்டை. கரன்ட் போன தெருவில் பாம்பு கிடக்கிறதா என்று பார்க்க உதவிய ஒரு வசதியைப் பற்றி யாரும் மேஜை மேஜையாகப் போய் விளக்கம் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இனி புதுப்போன்காரர் போனுக்குச் செய்யும் முதல் சடங்கைப் பார்க்க வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நாலடி அகலக் கடை. உள்ளே நெற்றி முடியைச் செம்பட்டையாக்கிய ஒரு பையன். “அண்ணே, சாதாவா, லெவன் டியா?” பள்ளிக்கூடத்தில் மூன்று பரிமாணத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ஐன்ஸ்டீன் காலத்தையும் சேர்த்து நாலு என்றார். டெம்பர்டு கிளாஸ் விற்கிற பையனிடம் பதினொன்று இருக்கிறது, விலை இருநூறு. புதுப்போன்காரர் பதினொன்றையே கேட்பார். பையன் முதலில் ஈரத்தாள் கிழித்துத் துடைப்பான், பிறகு காய்ந்த தாள், அப்புறம் நீல ஸ்டிக்கரால் ஒத்தி ஒத்தித் தூசி எடுப்பான். இதுவரை அலட்சியமாகச் செய்தவன், கண்ணாடியை இறக்கும்போது மட்டும் மூச்சை நிறுத்திக்கொள்வான். புதுப்போன்காரரும் நிறுத்திக்கொள்வார். பின்னால் ரீசார்ஜுக்கு நிற்பவரும் நிறுத்திக்கொள்வார். கண்ணாடி தானாகப் பரவி ஒட்டும். ஓரத்தில் ஒரே ஒரு குமிழி நிற்கும். பையன் காலாவதியான ஏடிஎம் கார்டை எடுத்து அதைத் தள்ளிப் பார்ப்பான். அது இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போகும். “நாளைக்குத் தானா போயிடும்ணே.” ராத்திரி எழுந்து எழுந்து விளக்கைப் போட்டுப் பார்ப்பவர்களை நான் அறிவேன்.

இத்தனைக்கும் திரையிலேயே கார்னிங் கம்பெனியின் கொரில்லா கிளாஸ் இருக்கிறது. அதற்கென்றே தனியாகக் காசு கொடுத்திருக்கிறார். சாவியோ நாணயமோ அதைச் சாமானியமாகக் கீறாது. மணல்தான் கீறும், மணலில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினம். மெரினாவுக்குப் போகாமல் இருந்தால் போதும். ஆனால் அவர் கொரில்லாவுக்கு மேல் லெவன் டி, பின்னால் ரப்பர் கவர், அதற்கு மேல் மடக்குகிற தோல் உறை என்று போட்டுவிடுவார். பத்து நாள் யோசித்துத் தேர்ந்தெடுத்த அந்தக் கடல் நீல நிறத்தை இனி யாரும், அவரும்கூட, பார்க்கப் போவதில்லை. வெயிட் தெரியவில்லை என்று நாம் சொன்னதும் இப்போது முழுப் பொய்யாகிவிட்டது.

அடுத்தது கேமரா. முதல் வாரத்தில் ஆபீசில் உள்ள மணி பிளான்ட், யாரோ கொண்டுவந்த இட்லி டப்பா, பைல் அலமாரி எல்லாவற்றுக்கும் படம் உண்டு. “எரநூறு மெகாபிக்சல்” என்பார். உண்மைதான், சென்சாரில் இருபது கோடிப் புள்ளி இருக்கிறது. ஆனால் சாதாரணமாகப் படம் எடுக்கும்போது பதினாறு புள்ளியைச் சேர்த்து ஒன்றாக்கி, பன்னிரண்டரை மெகாபிக்சல் படமாகத்தான் அது வைத்துக்கொள்கிறது. வெளிச்சம் கம்மியான இடத்தில் படம் தெளிவாக வருவதற்கு அதுதான் வழி. அதை அவர் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அது இன்னும் பிழியும். கடைசியில் திருச்சியில் இருக்கிற சித்தி, திரையில் குறுக்கே விரிசல் விழுந்த போனில் கண்ணாடியைத் தேடாமலேயே அதைப் பார்த்துவிட்டு, ‘நைஸ்’ என்று ஒரு பூ போடுவார்.

போர்ட்ரெய்ட் என்று ஒன்று உண்டு. ஆளைத் தெளிவாகவும் பின்னணியை மங்கலாகவும் காட்டும். வாட்ச்மேன் அண்ணனை நிற்க வைத்து எடுத்தார். எங்கே ஆள் முடிகிறார், எங்கே சுவர் ஆரம்பிக்கிறது என்பதைப் போனே ஊகித்துக்கொள்கிறது. அன்றைக்கு அது கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது. மீசை ஒவ்வொரு மயிராகத் தெரிந்தது. வாட்ச்மேன் வெகுநேரம் படத்தைப் பார்த்தார். “எல்லாம் சரி சார், இந்தப் பக்கத்துக் காது எங்க?” என்றார்.

பௌர்ணமி வந்தால் குடும்பமே மொட்டை மாடியில். ‘நூறு மடங்கு ஜூம்’ என்று நிலாவின் பள்ளங்களைக் காட்டுவார். 2023-இல் ஒருவர் நிலாப் படம் ஒன்றை வேண்டுமென்றே மங்கலாக்கி, கம்ப்யூட்டர் திரையில் காட்டி, அதை சாம்சங் போனில் படம் பிடித்தார். திரையில் இல்லாத பள்ளமெல்லாம் போனில் வந்தது. நிலா என்று அடையாளம் கண்டால் விவரத்தைக் கூட்டிக் காட்டுகிறோம் என்று கம்பெனியே விளக்கம் சொன்னது. இதைப் புதுப்போன்காரரிடம் சொல்லிப் பயனில்லை. சொன்னால், “உங்க போன்ல எடுத்துக் காட்டுங்க பார்ப்போம்” என்பார். என் போனில் நிலா, தெருவிளக்கு, எதிர்வீட்டு பல்பு மூன்றும் ஒன்றுதான்.

ஆனாலும் முதல் வாரத்தில் அவருக்குச் சோதனை வருகிற இடம் டீக்கடை. “இன்னைக்கு என் கணக்கு” என்று எல்லோரையும் கூட்டிப் போனார். ஐந்து டீ, மூன்று வடை. க்யூஆர் அட்டைக்கு முன்னால் போனை நீட்டினார். பணம் அனுப்பும் ஆப், உங்கள் நம்பரை உறுதிப்படுத்த ஒரு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும் என்றது. புதுப் போனில் இரண்டு சிம். வங்கியில் பதிந்தது ஒன்று. எஸ்எம்எஸ் போனது இன்னொன்றிலிருந்து. சக்கரம் சுற்றியது. மறுபடியும் முதலிலிருந்து. இந்தத் தடவை சரியான சிம். ஆனால் அதில் எஸ்எம்எஸ் அனுப்ப பாலன்ஸ் இல்லை. “நெட்வொர்க் இல்லீங்களா?” என்றார் டீ மாஸ்டர். “பைவ் ஜி புல்லா இருக்கு. இது டிவைஸ் பைண்டிங்” என்றார் இவர். டீ மாஸ்டர் இந்த மாதிரி நிறையப் பேரைப் பார்த்தவர். பதில் சொல்லாமல் அடுத்த பாலை ஆற்றினார். காசு கொடுத்தது எங்கள் செக்‌ஷனிலேயே மூத்தவர், ரப்பர் பேண்ட் போட்ட போனிலிருந்து. ‘டொய்ங்’ என்று பெட்டி தொகையைச் சொன்னது. அந்தச் சத்தத்தில் ஒரு கேலி இருந்ததாகப் புதுப்போன்காரர் இன்றைக்கும் நினைக்கிறார்.

பழைய போனிலிருந்து பெயர்ப் பட்டியலை மாற்றுவதும் அந்த வாரத்து வேலைதான். வந்து சேர்ந்ததில் ‘பால்காரர்’, ‘பால்காரர் புது’, ‘பால்காரர் புது ஒரிஜினல்’, ‘பிளம்பர் எடுக்க மாட்டான்’, ‘ஹவுஸ் ஓனர் எடுக்காதே’ எல்லாம் பத்திரமாக இருந்தன. எட்டு கோர் பிராசசர், பன்னிரண்டு ஜிபி ராம், அதற்குள்ளே அதே பால்காரர்.

பழைய போன் எங்கே போகிறது என்பது தனி விஷயம். எக்ஸ்சேஞ்சில் போடலாம் என்றுதான் முதலில் பார்த்தார். திரையில் கீறல் உண்டா, ஓரம் நசுங்கியிருக்கிறதா, பட்டன் எல்லாம் வேலை செய்கிறதா என்று பெண் பார்க்க வந்தவர்களைவிட அதிகமாகக் கேள்வி கேட்டுவிட்டு, கடைசியில் அந்த வெப்சைட் ஒரு தொகையைச் சொன்னது. அந்தப் பணத்துக்கு லெவன் டி கிளாஸ் பத்து வரும். அவமானப்பட்டு ஜன்னலை மூடினார். ஆகவே அவருடைய பழையது மனைவிக்கு, மனைவியுடையது பையனின் ஆன்லைன் டியூஷனுக்கு, டியூஷன் போன் ஊரிலிருக்கும் அப்பாவுக்கு என்று வரிசையாக இறங்கிப் போனது. வீட்டில் ஒருவர் புதுப் போன் வாங்கினால் நாலு பேருக்கு மாறுகிறது, மூன்று பேரைக் கேட்காமலேயே.

போனை அப்பாவிடம் கொடுக்கப் போனவர், அங்கேயும் தன் புதிய போனை வெளியே எடுத்தார். “கொஞ்சம் பிடிச்சுப் பாருங்கப்பா.” அப்பா பிடித்தார். திருப்பிக் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசுவதற்கு இன்னும் பட்டன் போன்தான். சத்தம் அதில்தான் நன்றாகக் கேட்கும் என்று அபிப்பிராயம். மகன் கொடுத்த டியூஷன் போனை என்ன செய்கிறார் என்று பார்த்தால், மாத்திரை அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, அதன்மேல் கேமராவைப் பிடித்து, இரண்டு விரலால் பெரிதாக்கி, எக்ஸ்பயரி தேதியைப் படித்துக்கொண்டிருந்தார். ராத்திரி மாத்திரை, காலை மாத்திரை, சுகர் மாத்திரை என்று ஒவ்வொன்றாக. தேதி முடிந்துபோன ஒன்றைக் கண்டுபிடித்துத் தனியாக எடுத்து வைத்தார்.

“உன்னோட புதுசுல இதைவிட நல்லாத் தெரியுமா?”

புதுப்போன்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு வாரமாக ஊரில் யாரும் கேட்காத கேள்வி. “இதைவிடவா? எரநூறு மெகாபிக்சல்ப்பா! எழுத்தை விடுங்க, அட்டையில ஒட்டியிருக்கிற தூசிகூடத் தெரியும்.”

“அப்ப அது எனக்கு எப்போ வரும்?”

“இன்னும் பதினேழு இஎம்ஐ இருக்குப்பா.”