தள்ளுபடி இலக்கணம்: லெகோ பெட்டி வாங்குவார்க்கு ஓர் ஆராய்ச்சியுரை

குறைத்த விலை யாவும் குறைந்த விலை அல்ல.

இஃது இவ்வாராய்ச்சியின் முதல் நூற்பா. இயற்றியவனும் நானே, உரை எழுதுகிறவனும் நானே என்பதால் பாடபேதத் தொல்லை இல்லை.

ஆய்வுப் பொருள்: டென்மார்க்கில் பில்லுண்ட் என்னும் ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932-இல் தொடங்கிய பட்டறை வளர்ந்து, இன்று உலகெங்கும் அனுப்பிக்கொண்டிருக்கும் லெகோ கட்டைப் பெட்டிகள். ஆய்வுக் களம்: அமெரிக்க அங்காடிகள், அதிலும் நம்மவர் நிறைந்த நியூஜெர்சி. ஆய்வுக்குரிய மாந்தர்: பிள்ளைக்கு என்று சொல்லி வாங்கித் தமக்கு என்று வைத்துக்கொள்ளும் நடுவயதினர். குழந்தைகள் இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்கள் விலைச்சீட்டைப் பார்ப்பதில்லை. ஆகவே அவர்களது தரவு பயன்படாது.

இனி, இயல்பும் விகாரமும்.

பெட்டிக்கு நிறுவனம் ஒரு விலையை அறிவிக்கும். பெரிய அங்காடிகளிலும் இணையக் கடைகளிலும் அந்த விலையில் 20 விழுக்காடு குறைவது வாடிக்கை. எப்போதும் நடப்பதைத் தள்ளுபடி என்று எண்ணும் வழக்கம் தேர்ந்த சேகரிப்பாளரிடம் இல்லை. ஆடி மாதம் தி. நகரில் தொங்கும் "50% வரை" பலகையில் அந்த "வரை" எவ்வளவு சிறிய எழுத்தில் இருக்கும் என்பதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். நமக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. புணர்ச்சியை இயல்பு என்றும் விகாரம் என்றும் பிரித்து, விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக்கினர் இலக்கண நூலார். பணமும் பெட்டியும் புணரும் இடத்திலும் அம்மூன்றும் அப்படியே நிற்கின்றன. 20 விழுக்காடு இயல்பு புணர்ச்சி. அதற்கு மேற்பட்டதே விகாரம்.

கெடுதலாவது விலை குறைதல். பார்க்க எளிது போலத் தோன்றும். மூன்றிலும் அதிகம் ஏமாற்றுவது இதுதான். எதிலிருந்து குறைகிறது என்று கேட்பார் இல்லை. 2017-இல் வந்த மில்லேனியம் ஃபால்கன் என்ற பெரிய விண்கப்பலுக்கு 7,541 துண்டுகள். அமெரிக்க விலை 799.99 டாலர். 2022-இல் நிறுவனம் பல பெட்டிகளுக்கு விலையேற்றியபோது இது 849.99 ஆயிற்று. விலை ஏறிய மறுநாள் 6 விழுக்காடு தள்ளுபடியில் இதை வாங்கிக் காரில் ஏற்றிக்கொண்டு சீட்டியடித்தபடி வீட்டுக்குப் போனவர், முந்தைய மாதத்து முழு விலையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஒரு டாலர் மிச்சம், அவ்வளவே. இதற்கு நூற்பா:

பழைய விலை அறியாதான் பெற்ற தள்ளுபடி
பாதி விலையினும் பாதியே என்ப.

திரிதலாவது விலை புள்ளிகளாக மாறுதல். நிறுவனத்தின் சொந்தக் கடையில் உறுப்பினராக வாங்கினால் ஏறக்குறைய 5 விழுக்காடு மதிப்புக்குப் புள்ளி கிடைக்கும். சில நாட்களில் இரட்டிப்புப் புள்ளி. சொந்தக் கடையில் மட்டுமே விற்கும் பெரிய பெட்டிகளுக்கு வேறெங்கும் விலை குறையாது என்பதால், இந்த இரட்டிப்பை நல்ல தள்ளுபடி என்றே கொள்ளலாம் என்பர் ஒரு சாரார். நானும் அக்கருத்தினனே, ஓர் எச்சரிக்கையோடு: கையில் வந்தது பணம் அன்று, அடுத்த பெட்டி வாங்கியே தீரவேண்டும் என்ற கடமை.

தோன்றலாவது இல்லாத பெட்டி ஒன்று இலவசமாக வந்து நிற்றல். 150 டாலருக்கு வாங்கினால் ஒரு சின்னப் பெட்டி சும்மா என்பார்கள். உங்கள் கூடையில் 128 டாலர் இருக்கும். மீதி 22 டாலருக்குப் பிடித்த பெட்டி எதுவும் அமையாது. 35 டாலருக்கு அமையும். சும்மா வந்த பெட்டியின் விலை 35 டாலர்.

இனிக் கட்சிகள். நல்ல தள்ளுபடி எது என்று அளக்கும் முறையில் சேகரிப்பாளர் பல பிரிவினராகிக் கிடக்கின்றனர்.

முதலாவது துண்டுக் கட்சி. ஒரு துண்டுக்கு 10 சென்ட், அதற்குக் கீழே எது வந்தாலும் லாபம் என்பது இவர்களது மூலமந்திரம். விலையைத் துண்டுகளால் வகுப்பார்கள். கைபேசியில் கணக்குப்பொறியைத் திறந்தபடியே அலமாரி வரிசையில் நடப்பார்கள். மேற்சொன்ன ஃபால்கன் முதல் விலையில் துண்டுக்கு 10.6 சென்ட், மந்திரத்துக்கு ஏறக்குறையப் பொருந்துகிறது. 2022-இல் வந்த ஈஃபில் கோபுரத்துக்கு 10,001 துண்டுகள், 629.99 டாலர், துண்டுக்கு 6.3 சென்ட். கட்சியில் ஆரவாரம். 2021-இல் வந்த உலக வரைபடத்துக்கோ 11,695 துண்டுகள், விலை 249.99 டாலர்தான். துண்டுக்கு 2.1 சென்ட்! மந்திரப்படி இதன் நியாயவிலை 1,169 டாலர் 50 சென்ட். அதாவது, எந்தத் தள்ளுபடியும் இல்லாத நாளில் முழு விலை கொடுத்து வாங்கினாலும் 79 விழுக்காடு தள்ளுபடி.

இம்முடிவைக் கண்டு பொருளியலார் திகைக்கலாம். பெட்டியைத் திறந்தவர் திகைக்க மாட்டார். உள்ளே இருப்பவற்றுள் பெரும்பாலானவை சுண்டுவிரல் நகத்தளவு வட்டச் சில்லுகள். ஒவ்வொன்றாக எடுத்துப் பதிக்க வேண்டும். பசிபிக் பெருங்கடல் மலிவாக வந்தது உண்மை. அதை நிரப்பி முடிக்கும் கூலியைக் கணக்கில் சேர்த்தால் நிலவரம் மாறும். எதிர்ப்பக்கத்தில், சிறு குழந்தைகளுக்கென்று 1969-இல் பிறந்த டூப்ளோ கட்டைகள் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் சாதாரணக் கட்டையைப் போல் இரட்டிப்பு. ஒன்று எட்டுக்குச் சமம். துண்டுக் கணக்கில் அவை கொள்ளை விலையாகத் தெரியும். ஆகவே துண்டுக் கட்சியார் டூப்ளோ வரிசைப் பக்கமே திரும்புவதில்லை.

இரண்டாவது எடைக் கட்சி. இதன் மிகத் தெளிவான வாதத்தை எடிசன் நகரக் கடையொன்றில், கும்பகோணத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஓர் அம்மாள் வாயால் கேட்கும் பேறு கிடைத்தது.

"ஏன்டா, இது கிலோ என்ன விலை?"

"அம்மா, இதையெல்லாம் கிலோக் கணக்குல விக்க மாட்டாங்கம்மா."

"ஏன், பிளாஸ்டிக்தானே?"

மகன் விடை சொல்லுமுன் அந்த அம்மாள் இரு கையிலும் இரு பெட்டிகளை எடுத்து, ஏற்றி இறக்கிப் பார்த்தார். ஒன்று அகலமான பெட்டி, மேலே கடற்கொள்ளையர் படம்; ஆட்டினால் உள்ளே கலகலவென்று காற்றோடு சத்தம். மற்றது சிறியது, ஆட்டினால் சத்தமே இல்லை. "இதுதான் கெட்டியா இருக்கு, இதை எடு" என்று சிறியதை மகன் கையில் கொடுத்தார்.

பயிற்சியே இல்லாத ஒருவர் நேரே சித்தாந்தத்துக்கு வந்து சேர்ந்ததைக் காண்க. அமெரிக்காவில் பழைய உதிரிக் கட்டைகள் பவுண்டுக் கணக்கில்தான் கைமாறுகின்றன. ஆழ்ந்த சேகரிப்பாளர்களும் டாலரைக் கிராமால் வகுத்துப் பார்க்கின்றனர். பெட்டியின் அளவு பொய் சொல்லும். துண்டுகளின் எண்ணிக்கையும், மேலே கண்டபடி, பொய் சொல்லும். எடை மட்டும் பொய் சொல்வதில்லை. 1958-இல் காப்புரிமைக்குப் பதிந்த கட்டை இன்றைய கட்டையோடு இணைகிறது என்பதால், வாங்கிய கனம் எந்தக் காலத்திலும் வீண்போவதும் இல்லை.

பொம்மைமனிதக் கட்சி என்று மூன்றாவது ஒன்று உண்டு. 1978-இல் வந்த அந்த மஞ்சள் முகக் குட்டி மனிதர்களுக்காகவே பெட்டியை வாங்கி, மீதியை விற்பவர்கள். இவர்களோடு வாதிட்டுப் பயனில்லை.

நான்காவது, ரிட்டயர் கட்சி. இது ஆபத்தானது, ஆகவே சற்று நின்று ஆராய்வோம். பெரும்பாலான பெட்டிகள் இரண்டாண்டு அளவில் உற்பத்தியிலிருந்து ஓய்வு பெறுகின்றன. ஓய்வு பெற்றபின் விலை ஏறும். ஆகவே ஓய்வுக்கு முந்தைய நாள் முழு விலை கொடுத்தாலும் அது தள்ளுபடியே என்பது இவர்கள் வாதம். அதாவது, எதிர்காலத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்ட தள்ளுபடி. 2007-இல் 139.99 டாலருக்கு வந்த கஃபே கார்னர் என்ற மூலைக்கடைக் கட்டடம் இவர்களது தலபுராணம். அதன் பிரிக்காத பெட்டி இப்போது பல மடங்கு விலைக்குப் போகிறது. மாஸ்கோவின் உயர் பொருளியல் பள்ளியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1987 முதல் 2015 வரையிலான இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளை ஆராய்ந்து, சராசரியாக ஆண்டுக்கு 11 விழுக்காடு அளவுக்கு வருவாய் என்று எழுதியும்விட்டனர். அந்தச் செய்தி வெளியான நாள்முதல் கட்சியினர் பெட்டி வாங்குவதைச் செலவு என்று சொல்வதில்லை, முதலீடு என்கின்றனர்.

மறுப்புரை: 2008-இல் தாஜ்மகால் வந்தது. 5,922 துண்டுகள், 299.99 டாலர். ஓய்வு பெற்றபின் விலை மளமளவென்று ஏறிற்று. பிரிக்காமல் வைத்திருந்தவர்கள் பெட்டியின் மேல் தூசி படியாமல் துணி போர்த்திக் காத்தார்கள். 2017-இல் நிறுவனம் அதே தாஜ்மகாலை 369.99 டாலருக்கு மறுபடி வெளியிட்டது. துண்டுகள் 5,923. ஒன்றே ஒன்று அதிகம். பழைய பெட்டியின் விலை பொத்தென்று விழுந்தது. ஷாஜகான் கட்டிய மூலத்துக்கு இந்த அபாயம் கிடையாது. இரண்டாம் பதிப்பு வராது.

இதுகாறும் பெட்டியையே பார்த்தோம். ஒட்டுச்சீட்டைப் பார்க்க மறந்தோம்.

ஒரு பெரிய அங்காடியில், கிறிஸ்துமஸ் முடிந்த ஜனவரியில், பொம்மைப் பகுதியின் கோடி அலமாரிக்குப் போனால் கிளியரன்ஸ் சீட்டு ஒட்டிய பெட்டிகளைக் காணலாம். சீட்டின் மேல் மூலையில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும்: 30, 50, சிலவற்றில் 70. சீட்டின் ஓரத்தை நகத்தால் மெல்லக் கிளப்பினால் அடியில் இன்னொரு சீட்டு, அதற்கும் அடியில் மற்றொன்று. அகழாய்வாளர் மண்ணடுக்கைப் படிப்பதுபோல் இவற்றைப் படிக்க வேண்டும். ஒரே சீட்டுள்ள பெட்டி இன்னும் இறங்கும். மூன்று சீட்டுள்ள பெட்டி கடைசி நிலத்தைத் தொட்டுவிட்டது. ஆனால் அதன் மூலை நசுங்கியிருக்கும், மூடியின் வட்ட ஒட்டு ஒரு பக்கம் கிளம்பியிருக்கும், உள்ளே இருக்க வேண்டிய பொம்மைமனிதன் வேறெவர் சட்டைப்பையிலாவது இருக்கக்கூடும். சீட்டில் எழுதிய விழுக்காடு கடைக்காரரின் கிடங்கைப் பற்றிய செய்தி: எத்தனை பெட்டி தேங்கியிருக்கிறது, எத்தனை நாளில் இடம் காலியாக வேண்டும் என்பது. பெட்டி நல்லதா, நமக்கு வேண்டியதா என்பது பற்றி அது வாய் திறப்பதில்லை.

வரியையும் சொல்லிவிடுகிறேன். நியூஜெர்சியில் விற்பனை வரி 6.625 விழுக்காடு. 100 டாலர் பெட்டி 20 விழுக்காடு தள்ளுபடியில் 80 ஆகி, பில்லில் 85.30 ஆகிறது. பக்கத்து மாநிலமான டெலவேரில் விற்பனை வரியே இல்லை. 400 டாலர் பெட்டிக்கு 26 டாலர் 50 சென்ட் மிச்சம் என்று காரை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. போகும் வழியில் டெலவேர் நினைவுப் பாலத்தில் சுங்கம் வாங்குவார்கள். பெட்ரோலும் உண்டு. போனதுதான் போனோம் என்று இரண்டாவது பெட்டியும் உண்டு.

சென்னைச் சேகரிப்பாளர் நிலை வேறு. இறக்குமதிப் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் ஏறியது. அதையெல்லாம் சுமந்துகொண்டு நிற்கும் எம்.ஆர்.பி.யில் 30 விழுக்காடு தள்ளினாலும், அமெரிக்க முழு விலைக்குக் கீழே இறங்கும் என்று உறுதியில்லை. ஆகவே அவரது தள்ளுபடி அமெரிக்காவிலிருந்து வரும் மச்சானின் சூட்கேஸில் வருகிறது. மச்சான் இடத்தை மிச்சம்பிடிக்கப் பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்கி, உள்ளே இருக்கும் பைகளை மட்டும் துணிகளுக்கிடையே செருகிக் கொண்டுவருவார். பெட்டி தட்டையான அக்கணமே ரிட்டயர் கட்சியின் கணக்கு முடிந்தது. விளையாடலாம்.

முடிவுரைக்கு முன் ஒரு வழுவமைதி. முழு விலைக்கு வாங்குதல் வழு. எனினும், மனத்துக்கு மிக நெருங்கிய ஒரே ஒரு பெட்டியை, வந்த அன்றே, புள்ளியும் இலவசமும் பாராமல் வாங்கி, அன்றிரவே பிரித்துக் கட்டத் தொடங்குதல் வழுவாயினும் அமைத்துக்கொள்ளப்படும். காரணம் கேட்கலாகாது.

இனித் தீர்ப்பு. அமெரிக்க அங்காடியில் 20 விழுக்காடு இயல்பு, 30 நன்று, 40-க்கு மேல் கண்டால் பெட்டியின் ஆறு பக்கத்தையும் திருப்பிப் பார்க்க. சொந்தக் கடையில் மட்டும் கிடைப்பவற்றுக்கு இரட்டிப்புப் புள்ளியே போதும். இவை புதியவர்க்கான விதி. பழகியவர்க்கு விதி வேறு: 20-இல் தொடங்கி, வீட்டில் பிரிக்காமல் கிடக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் 5 விழுக்காடு கூட்டிக்கொள்க. நான்கு பெட்டி கிடந்தால் 40 விழுக்காட்டுக்குக் குறைந்த எதுவும் உங்களுக்குத் தள்ளுபடி ஆகாது. பதினாறு கிடந்தால் 100 விழுக்காடு. எவராவது சும்மா கொடுத்தாலொழிய வாங்கக்கூடாது. எண்ணும்போது கட்டிலுக்கு அடியில் உள்ளவற்றையும், வீட்டாருக்குத் தெரியாமல் கார் டிக்கியில் இருப்பவற்றையும் விடாமல் சேர்த்து எண்ணவும்.